கையில் இருக்கும் பணத்தில் வீடு முழுக்கச் சத்தாகச் சாப்பிட எங்கிருந்து தொடங்குவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: வீட்டில் ஐந்து பேர். கணவன், மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. சம்பாதிப்பவர் ஒருவர். வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு. "சத்தான உணவு என்று எதைப் படித்தாலும் எங்கள் கைக்கு எட்டாததாகவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? குழந்தைகளுக்குச் சத்து பானம், வைட்டமின் மாத்திரை எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டவில்லை என்றால் அது உங்கள் சாமர்த்தியக் குறைவு அல்ல. ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் உலகில் 280 கோடிப் பேருக்கும் மேல் சத்தான உணவை வாங்கும் நிலையில் இல்லை. ஆகவே "மனது வைத்தால் முடியும்" என்று யாராவது அறிவுரை சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும், இருக்கிற தொகைக்குள்ளேயே தட்டில் இருப்பதை மாற்ற இடம் இருக்கிறது. குடும்பங்களோடு உட்கார்ந்து மளிகைப் பட்டியல் போடுகிற வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: பணம் குறையும்போது முதலில் மெலிவது பருப்பும் காய்கறியும். பெருகுவது தானியமும் எண்ணெயும் சர்க்கரையும். வயிறு நிறைந்துவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. இந்தப் போக்கைத் திருப்பினால் போதும், பாதி வேலை முடிந்தது.

இரண்டு வாரம் சாப்பாட்டுக்காகப் போகும் ஒவ்வொரு காசையும் எழுதுங்கள். ஒரு பழைய நோட்டு போதும். ஐந்து பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரிசி, கோதுமை போன்ற தானியங்கள் ஒரு பத்தி. பருப்பு, பயறு, முட்டை, பால், மீன், இறைச்சி அடுத்தது. காய்கறி, கீரை, பழம் மூன்றாவது. எண்ணெய், சர்க்கரை, உப்பு, மசாலாச் சாமான் நான்காவது. பாக்கெட் தின்பண்டம், பானங்கள், வெளியில் சாப்பிட்டது ஐந்தாவது. அந்த நாட்களில் கெட்டுப்போய்க் கொட்டியதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். பல வீடுகளில் ஐந்தாவது பத்தி மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்கும். யாரும் ஊதாரித்தனம் செய்து அப்படி ஆவதில்லை. களைத்து வீடு திரும்புகிறோம், குழந்தை பசியென்று அழுகிறது, கடைக்குப் போனால் இரண்டு நிமிடத்தில் பாக்கெட் கைக்கு வந்துவிடுகிறது. இந்தப் பசி நேரத்துக்கு வீட்டில் எதைத் தயாராக வைப்பது என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது புரதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் "சத்து என்றால் செலவு" என்ற பயம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் அளவு. குழந்தைகளுக்குக் கிலோவுக்குச் சற்று கூடுதல். உங்கள் வீட்டு ஐந்து பேரின் எடையும் சேர்ந்து 210 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குச் சுமார் 180 கிராம் புரதம் வேண்டும்.

எங்கிருந்து வரும்? ஒன்றரைக் கிலோ தானியம் சமைத்தால் அதிலிருந்தே 110, 120 கிராம் வந்துவிடும். இதைக் கேட்டதும் பலருக்கு ஆச்சரியம். ஆனால் தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உடல் தசையைக் கட்ட எல்லா அமினோ அமிலங்களும் உரிய அளவில் வேண்டும், ஒன்று குறைந்தால் மற்றவை இருந்தும் முழுப் பயன் இல்லை. பருப்பில் லைசின் தாராளம். பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, அன்றைக்குள் இரண்டும் போனால் போதும்.

ஆக ஐந்து பேருக்கு நாளுக்கு 300 கிராம் உலர்ந்த பருப்போ பயறோ என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து 65 கிராம் புரதம். அரை லிட்டர் பாலில் 16 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம். மொத்தம் 200-ஐத் தாண்டிவிடுகிறது. தாவரப் புரதம் முழுதாகச் செரிக்காது என்பதற்கு அந்த உபரி ஈடுகட்டும். இந்தக் கணக்கில் இறைச்சி இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒருநாள் மீனோ கோழியோ வாங்க முடிந்தால் நல்லதுதான். முடியாத வாரம் குடும்பத்துக்குச் சத்துக் குறைந்துவிட்டது என்று வருந்தத் தேவையில்லை.

300 கிராம் என்பது எவ்வளவு என்று கையால் பார்த்துக்கொள்ளுங்கள். 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் ஏறக்குறைய இரண்டு டம்ளர். பல வீடுகளில் ஐந்து பேருக்கு அரை டம்ளர் பருப்பு போட்டு, தண்ணீரும் புளிப்பும் காரமும் சேர்த்துப் பானை நிறைய ஆக்கிவிடுகிறார்கள். பருப்பு சாப்பிட்டோம் என்ற எண்ணம் இருக்கும், தட்டில் விழுந்தது பெரும்பாலும் பருப்பு வெந்த தண்ணீர். பருப்பைக் கெட்டியாகச் சமைக்கத் தொடங்கினால் தானியம் தானாகக் குறையும், பசியும் சீக்கிரம் எடுக்காது. தானியத்தில் மிச்சமாகும் பணம் பருப்பின் கூடுதல் செலவில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டும்.

எந்தப் பொருளில் புரதம் மலிவு என்பதை உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே கணக்கிடலாம். ஒரு கிலோ பருப்பில் சுமார் 220 கிராம் புரதம். நிலக்கடலையில் 250. உலர்ந்த சோயா உருண்டையில் 500. இருபது முட்டையில் 120 கிராமுக்கு மேல். எலும்பில்லாத கோழி ஒரு கிலோவில் 200-க்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பாலில் 32, 33. விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். எலும்போடு வாங்கும் இறைச்சியிலும் முழு மீனிலும் தின்ன முடியாத பகுதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் பருப்பு, சோயா, கடலை, முட்டை முன்னால் வந்து நிற்கும். பால் புரதத்துக்கு மலிவு அல்ல, ஆனால் கால்சியத்துக்கும் பி12 வைட்டமினுக்கும் அதன் இடம் வேறு. முள்ளோடு மென்று தின்னக்கூடிய சிறு மீன்கள் விலை குறைந்தவை, கால்சியமும் தரும். ஈரல் கொஞ்சமாக வாங்கினாலே இரும்பும் ஏ வைட்டமினும் நிறையக் கிடைக்கும். ஏ வைட்டமின் அளவுக்கு மீறினால் கருவுக்கு ஆபத்து என்பதால் கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும்.

இங்கே மூன்று எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதில் இயற்கையாக இருக்கும் ஒரு நச்சு, மிதமான சூட்டில் அரைகுறையாக வெந்தால் போகாது, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நிலக்கடலையில் பூஞ்சை பிடித்ததும் நிறம் மாறியதும் சுருங்கியதும் இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் உருவாகும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மூன்றாவது, ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

காய்கறிக்கு வருவோம். இங்கே உண்மையாகவே செலவு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும், ஆறு முதல் ஒன்பது வயதுக்கு 350, இரண்டு முதல் ஐந்து வயதுக்கு 250 என்கிறது உலக சுகாதார அமைப்பு. உங்கள் வீட்டுக்கு நாளுக்கு 1.8 கிலோ. உருளைக்கிழங்கு, மரவள்ளி மாதிரி மாவுக் கிழங்குகள் இதில் சேராது. 1.8 கிலோ இப்போதே முடியாது என்றால் ஒரு கிலோவில் தொடங்குங்கள். அந்த ஒரு கிலோவை எதற்குச் செலவிடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

என் வரிசை இப்படி: முதலில் ஏதாவது ஒரு கரும்பச்சைக் கீரை. அடுத்து மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் ஒன்று, பூசணி, கேரட் மாதிரி. அதற்கு மேல் அன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் எதுவும். கீரையில் ஃபோலேட் என்ற பி வைட்டமின், ஏ வைட்டமினாக மாறும் கரோட்டின், கே வைட்டமின், கொஞ்சம் இரும்பு எல்லாம் ஒரே கட்டில் வந்துவிடுகின்றன. கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும், ஆகையால் கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுவதைவிட ஒரு கரண்டி எண்ணெயோடு சமைப்பது மேல். பழத்தின் விலைக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராம் பச்சை முட்டைக்கோசில் 36 மில்லிகிராம் அளவுக்கு சி வைட்டமின் இருக்கிறது, ஆப்பிளில் ஐந்துதான். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகிற மதிப்பு அதற்கு இருக்கலாம், ஆனால் நெருக்கடியான பட்ஜெட்டில் அதற்கு முதலிடம் தர வேண்டியதில்லை.

வாங்கியதைச் சமைக்கும் முறையிலும் காசு போகிறது. சி வைட்டமினும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரைந்துவிடும், சூட்டிலும் அழியும். காயை முதலில் கழுவி, பிறகு நறுக்கி, கொஞ்சத் தண்ணீரில் மூடி வேகவைத்தால் பெரும்பகுதி தங்கும். நறுக்கிய பிறகு தண்ணீரில் ஊறப் போட்டு, வெந்த நீரையும் வடித்துக் கொட்டினால் காசு கொடுத்து வாங்கியது சாக்கடைக்குப் போகிறது. வாரச் சந்தையில் வாங்குபவராக இருந்தால் சமைக்கும் வரிசையையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்: கீரையும் மென்மையான காய்களும் முதல் இரண்டு மூன்று நாளில், முட்டைக்கோஸ், கேரட், பூசணி, பீட்ரூட் வாரக் கடைசிக்கு. கீரையை ஈரமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் மறுநாளே அழுகும். ஈரத்தை உதறி, வேரை வெட்டி, பருத்தித் துணியில் சுற்றிவைத்தால் தாங்கும். பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் கீரைதான், காலிஃபிளவர் தண்டும் காய்தான். இவற்றைக் கடையிலேயே ஒடித்துப் போடச் சொல்லிவிட்டு வெறும் கையோடு வராதீர்கள்.

ஒட்டுமொத்தமாகக் கொட்டப்படும் உணவைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. 2022-ல் உலகில் வீடுகளும் கடைகளும் உணவகங்களும் வீணாக்கிய உணவு 100 கோடி டன்னைத் தாண்டியது, அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு. நோட்டின் ஓரத்தில் நீங்கள் குறித்துவைத்தது இரண்டு வாரத்தில் எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தொகையை அப்படியே முட்டைக்குத் திருப்பலாம். அதற்காகக் கெட்டுப்போனதைச் சாப்பிடச் சொல்லவில்லை. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், பிரிட்ஜ் இருந்தால் ஆறியதும் உள்ளே வையுங்கள், எடுக்கும்போது நன்றாகக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். வெந்த அரிசியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. வெளியில் கிடந்தால் அதில் பெருகும் ஒரு வகை பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. பிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் அந்தந்த வேளைக்கு அளந்து சமைப்பதுதான் வழி.

இரும்புச் சத்து பற்றிச் சுருக்கமாக. உலகில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு மூவர் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். தாவர உணவில் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. அதே வேளையில் எலுமிச்சை, தக்காளி, பழம் என்று சி வைட்டமின் உள்ள ஏதாவது சேர்ந்தால் அதிகம் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடித்தால் குறையும், ஆகவே ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பயறை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. இவை எதற்கும் கூடுதல் செலவு இல்லை. ஆனால் இரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது. பரிசோதித்து மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, யாரும் கேட்காமலேயே நான் சொல்லிவிடும் விஷயம்: பங்கு. எவ்வளவு வாங்கினோம் என்பதோடு யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சமைத்தவர் கடைசியில் சாப்பிடும் வீடுகளில், பானையின் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் தானியமும் மிச்சக் காரமும்தான். பருப்பும் காயும் முட்டையும் அதற்குள் தீர்ந்திருக்கும். அவர் கேட்கமாட்டார், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். மாதக்கணக்கில் இப்படியே போனால் முதலில் சோர்வாகவும் பிறகு இரத்தசோகையாகவும் முதுகுவலியாகவும் அது வெளிப்படும். பரிமாறத் தொடங்கும் முன்பே ஐந்து தட்டுகளையும் வைத்து, பருப்பையும் காயையும் முட்டையையும் முதலில் பங்கிட்டுவிடுங்கள். தானியத்தைப் பிறகு அவரவர் பசிக்கு எடுத்துக்கொள்ளட்டும். ஒரு காசு செலவில்லாமல் வீட்டின் ஆரோக்கியத்தை மாற்றக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பேன்.

பங்கில் எல்லாருக்கும் சம அளவு என்பதும் சரிவராது. வயதானவருக்குப் பசி குறையும், பல் ஒத்துழைக்காது, தானியத்தையும் திரவத்தையும் மட்டும் கொடுத்துவிடுவோம். ஆனால் தசை கரையும் வயதில் புரதத் தேவை குறைவதில்லை. உங்கள் அம்மாவுக்குக் குழைய வெந்த பருப்பு, முட்டை, தயிர் முன்னுரிமை. வீட்டில் பருவமடைந்த பெண் இருந்தால் அவளுக்கு இரும்புத் தேவை அப்பாவைவிட அதிகம். இதைப் படிப்பவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால்: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதற்குப் பின் தாய்ப்பாலோடு திட உணவு, இரண்டு வயது வரைக்கும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் தொடரலாம். அந்தக் குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சியால் அதை நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமிருக்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். அதில் மசித்த பருப்பு, கீரை, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், முடிந்த நாளில் முட்டை. வீட்டில் ஒரே ஒரு முட்டைதான் இருக்கிறது என்றால் அது இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ பாலூட்டும் தாய்க்கோ போக வேண்டும்.

சத்து பானம் பற்றி நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். டப்பாவின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட்டிருப்பார்கள். முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை, குளுக்கோஸ், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று ஏதாவது இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக அதற்கு. ஒரு வேளைக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து நான்கால் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்று தெரியும். சேர்த்திருக்கும் வைட்டமின்கள் பொய்யல்ல. ஆனால் அதே பணத்தில் பாலும் முட்டையும் வறுத்த கடலையும் எவ்வளவு வரும் என்று ஒருமுறை கடையிலேயே நின்று கணக்குப் போடுங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் சர்க்கரை இருப்பது நல்லது. அந்த அளவில் தேநீரில் போடுவதும் பாக்கெட்டில் வருவதும் பழச்சாற்றில் இருப்பதும் சேர்த்தி. குழந்தைக்கு அதைவிடக் குறைவு.

மாலைப் பசிக்கு என்ன என்று முன்னால் விட்டுவைத்தேன். முந்தைய இரவே கொண்டைக்கடலையோ காராமணியோ ஒரு டம்ளர் ஊறவைத்து, காலைச் சமையலோடு சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாலையில் எண்ணெயில் ஒரு புரட்டு. பிரிட்ஜ் இல்லையென்றால் காலையிலிருந்து ஊறப் போட்டு மாலையில் வேகவைக்கலாம். வறுத்த கடலை டப்பாவில் இருக்கட்டும், வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், எதுவானாலும் சரி. குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாக்கெட்டை அடியோடு தடை செய்யாதீர்கள். வாரத்தில் ஒருநாள் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள், குழந்தைகளுக்கு அந்தச் சந்தோஷமும் வேண்டும். ஊறவைப்பதில் எரிபொருளும் மிச்சம், சமைப்பவரின் நேரமும் மிச்சம். சமைப்பவரின் நேரத்தைச் செலவில் சேர்க்காமல் போடும் எந்தத் திட்டமும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. ஆகவே பருப்பு வேகவைப்பது, காய் நறுக்குவது போன்றவற்றை வீட்டில் இருக்கும் மற்றவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

உப்பும் எண்ணெயும் அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி, பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று தேதி எழுதிவைப்பது. ஆளுக்கு நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குக் குறைவாக என்பது வரம்பு. ஐந்து பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு 40 நாளாவது வர வேண்டும். குழந்தைகளுக்குக் குறைவாகவே வேண்டும், ஊறுகாயிலும் பாக்கெட்டிலும் வரும் உப்பு தனி என்பதால் இன்னும் அதிக நாள் வந்தால் நல்லது. வாங்குவது அயோடின் சேர்த்த உப்பாக இருக்கட்டும். எண்ணெய் மாதத்துக்கு நான்கு லிட்டரைத் தாண்டுகிறது என்றால் பொரிப்பதைக் குறைக்க இடமிருக்கிறது.

மாதக் கடைசியில் உண்மையாகவே பணம் தீர்ந்துபோகும் வாரங்கள் வரும். அப்போது எதை வெட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள், நெருக்கடியில் யோசித்தால் கை பருப்பில்தான் போய் நிற்கும். முதலில் பானங்களும் தின்பண்டமும், அடுத்து சர்க்கரை, அடுத்து இறைச்சி, அடுத்து விலை உயர்ந்த பழமும் காயும். பருப்பும், ஏதாவது ஒரு கீரையும், சிறு குழந்தையின் முட்டையும் பாலும் கடைசி வரை நிற்க வேண்டும். இதற்காகவே கையில் பணம் இருக்கும் மாத முதல் வாரத்தில் முழு மாதத்துக்கான பருப்பை வாங்கி, வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். ஐந்து பேருக்கு மாதம் ஒன்பது கிலோ. ஒரேயடியாக முடியாவிட்டால் பாதியாவது. அரசும் பள்ளியும் தரும் உணவு உதவி, மலிவு விலைத் தானியம், இலவச இரும்பு மாத்திரை எது உங்களுக்கு உரியதோ அதைத் தயங்காமல் வாங்குங்கள். அவை உங்களை மாதிரிக் குடும்பங்களை எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

கடைசியாக வைட்டமின் மாத்திரை. பருப்பும் கீரையும் காயும் பாலும் முட்டையும் ஓரளவு வந்துகொண்டிருக்கும் வீட்டில், ஆரோக்கியமாக இருப்பவர்கள் பொதுவாக மல்ட்டிவைட்டமின் வாங்கத் தேவையில்லை. விதிவிலக்குகள் உண்டு. பி12 இயற்கையாக விலங்கு உணவில்தான் இருக்கிறது, ஆகவே பால், முட்டை, மீன், இறைச்சி எதுவுமே சேர்க்காதவர் மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் மருத்துவர் சொல்படி. வீட்டில் யாருக்காவது சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மேலே சொன்ன புரத அளவு அவருக்குப் பொருந்தாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் இருந்தால் தானியத்தை ஒரேயடியாகக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம்.